மஞ்சள் படாத பல்

பிடுங்கிய பல்லை என்ன செய்வது என்பதில் ஆளுக்கொரு வழக்கம் உண்டு. கூரை மேல் எறிகிறவர்கள் இருக்கிறார்கள், எலி வளையில் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாஞ்சிநாதனுக்கு ஈறு கெட்டுப்போய்க் கடைவாய்ப் பற்கள் இரண்டு விடைபெற்றபோது, அவர் மனைவி நீலாவதி அவற்றை ஆஸ்பத்திரிக் கிண்ணத்திலிருந்து பொறுக்கி, மருந்துத் தண்ணீர் நிரப்பிய சின்னப் பாட்டிலில் போட்டு, கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். வாயில் பஞ்சைக் கடித்துக்கொண்டிருந்த மனிதர் எதுக்கு என்று கையால் கேட்டார்.

"இருக்கட்டும்ங்க, உதவும். ஈறுதான் கெட்டுப்போச்சு, பல்லு தங்கமா இருக்கு" என்றாள்.

கட்டிக்கொண்டு இருபது வருடத்தில் அவர் அழகைப் பற்றி அவள் சொன்ன முதல் நல்ல வார்த்தை அது. அதுவும் அவரை விட்டுப் பிரிந்துபோன ஒரு பாகத்தைப் பற்றி. வாஞ்சிநாதன் அதையும் பெருமையாகவே எடுத்துக்கொண்டார்.

நீலாவதி எதையும் காரணமில்லாமல் எடுத்துவைக்கிறவள் அல்ல. ஜாதவ்பூர் பக்கம் ஓர் ஆராய்ச்சிக் கூடத்தில் அவள் விஞ்ஞானி. பீங்கான், கண்ணாடி, சுட்ட மண் என்று ஆரம்பித்தவள், கடைசியில் பல் சிமெண்டில் வந்து நின்றுவிட்டாள். சொத்தைப் பல்லைக் குடைந்து அடைக்கிறார்களே, அந்தச் சிமெண்ட். ஒருநாள் டாக்குரியா ஏரிக்கரையில் ஜால்முடி என்னும் காரப்பொரி கொறித்துக்கொண்டிருந்தபோது கணவருக்கு அதை விளக்கினாள்.

"இப்ப வைக்கிறதெல்லாம் சுவத்து ஓட்டையில களிமண்ணை அப்புற மாதிரிங்க. ஓட்டை அடையும், அவ்வளவுதான். சுவர் வேற, மண்ணு வேற. நான் செய்யறது அப்படியில்லை. பல்லு எதால ஆனதோ அதே கால்சியமும் பாஸ்பேட்டும்தான் என் பொடி. தண்ணி விட்டுக் குழைச்சு வச்சா இறுகிடும். அப்புறம் எச்சில்ல ஊற ஊற, கொஞ்சம் கொஞ்சமா அது பல்லாவே மாறணும்."

"மாறுதா?"

"பாட்டில்ல மாறுது."

வாஞ்சிநாதனுக்கு அலிப்பூரில் ஒரு மத்திய அரசு ஆபீசில் வேலை. மனைவி சொன்னதில் பாதி புரிந்தது. மீதிப் பாதியை நம்பினார். அவரைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான்.

அந்தச் சிமெண்டுக்காக அவள் பட்ட பாட்டை அவர் பக்கத்திலிருந்து பார்த்தவர். பொடியை அரைப்பாள், சுடுவாள், மறுபடி அரைப்பாள். உடம்புச் சூட்டில் வைத்திருக்கும் செயற்கை எச்சில் தொட்டியில் மாதிரிகளை ஊறவைப்பாள். லோட்ஷெட்டிங் வந்து மின்சாரம் போய்த் தொட்டி ஆறிப்போனால் அந்த வாரத்து உழைப்பு கோவிந்தா. இப்படியே மூன்று வருடம் ஓடியபின் பல் ஆஸ்பத்திரி டாக்டர் லாஹிரி ஒரு நாள் சொல்லிவிட்டார்: "பாட்டில் சாப்பிடாது, மிஸஸ் நாதன். எனக்கு ஒரு வாயில் செய்து காட்டுங்கள். அப்புறம் நோயாளிக்கு வைப்பதைப் பற்றிப் பேசலாம்."

அப்போதுதான் கைப்பைக்குள் போன பற்கள் வெளியே வந்தன.

ஏற்பாடு இதுதான். மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும் இளஞ்சிவப்புப் பிளேட் ஒன்று. பல்செட்டுக்குச் செய்வார்களே, அதே மாதிரி. விழுந்த பற்களின் இடத்தில் பொய்ப் பல்லுக்குப் பதிலாக வாஞ்சிநாதனின் சொந்தப் பற்களையே வேரை அறுத்துவிட்டுப் பதித்தார்கள். பல்லின் தலையில் குழி தோண்டி அதில் நீலாவதியின் சிமெண்ட். போன பற்கள் போன இடத்துக்கே குடி வந்தன. ஆராய்ச்சிக் கூடத்தில் நீலாவதியோடு வேலை செய்யும் பிஸ்வாஸ் தாதாவும் (வங்காளத்தில் தாதா என்றால் அண்ணன்) தன் பல்லோடு இப்படி ஒரு பிளேட் மாட்டிக்கொள்ள முன்வந்தார்.

நீலாவதி வைத்த நிபந்தனை ஒன்றே ஒன்று. "தூங்கும்போது இருக்கணும், பேசும்போது இருக்கணும், முக்கியமா சாப்பிடும்போது இருக்கணும். பல் தேய்க்க மட்டும்தான் கழட்டலாம்."

வாஞ்சிநாதன் சாப்பாட்டு விஷயத்தில் சமரசம் செய்கிற ஆள் இல்லை. ஆபீஸ் நாட்களில் மத்தியானம் பொடிநடையாகப் பவானிபூருக்குப் போய், அன்னக்கிளி நடத்தும் மெஸ்ஸில்தான் சாப்பிடுவார். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்து கல்கத்தாவில் அடுப்பு மூட்டியவள் அன்னக்கிளி. அவளுடைய வத்தக்குழம்பில் புளியும் காரமும் கட்டிப் புரளும். அதற்கு மேல் எலுமிச்சங்காய் ஊறுகாய், அதற்கும் மேல் ஒரு டம்ளர் ரசம். இத்தனையையும் அந்தப் பிளேட்டோடு இரண்டு வாரம் ஒரு கை பார்த்தார்.

இரண்டாவது வாரக் கடைசியில் சிமெண்ட் கரைந்து, பல்லின் தலை கிண்ணம் போல் குழிந்துவிட்டது.

அன்று ஆபீசிலிருந்து வந்தவர், நீலாவதி கட்டில் ஓரத்தில் மின்விசிறிகூடப் போடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். உள்ளங்கையில் பிளேட். அப்பா இறந்துபோன தந்தி வந்த அன்றுகூட அடுப்பை அணைத்துவிட்டு வந்து அழுதவள் அவள். இன்று அடுப்பில் பால் பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"ஒரு புளி ரசத்துக்குக்கூட நிக்கலைங்க" என்றாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அவள் சிமெண்டை நொந்துகொண்டாள். வாஞ்சிநாதனுக்கோ, குற்றவாளி தன் நாக்குதான் என்று பட்டது. மூன்று வருட உழைப்பைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டோமே என்று அவருக்குத் தன்மேலேயே அருவருப்பு வந்தது. மனைவியின் முதுகைத் தடவிக்கொடுக்கக்கூடக் கை கூசியது. போய்ப் பால் பொங்கிய அடுப்பைத் துடைத்தார்.

நீலாவதி அழுது முடித்துவிட்டு மறுநாளே வேலையில் இறங்கினாள். பொடியை இன்னும் மாவாக அரைத்தாள், சேர்மானத்தை மாற்றினாள். வெயில் உச்சத்தில் இருந்தபோது இரண்டாவது பிளேட் தயாரானது. "இந்தத் தடவை ஆறு வாரம். பிஸ்வாஸ் தாதாவுக்கும் புதுசு போட்டாச்சு" என்றாள்.

முதல் நாள் மத்தியானம் அன்னக்கிளி மெஸ்ஸில் இலை விழுந்தது. சோற்றில் வத்தக்குழம்பு விழுந்தது. வாஞ்சிநாதன் பிசைந்த கவளத்தை வாயருகே கொண்டுபோனார். நாக்கு பிளேட்டைத் தொட்டது. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்த முகம் நினைவுக்கு வந்தது. கவளத்தை இலையிலேயே வைத்துவிட்டு, கை கழுவுகிற இடத்துக்குப் போய்ப் பிளேட்டைக் கழற்றிக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். ஒரு வேளைதானே, பாவம், அதுவும் புதுசு.

அந்த ஒரு வேளை எல்லா வேளையும் ஆயிற்று.

மெஸ்ஸில் சுலபம். வீட்டில்தான் கஷ்டம். வாஞ்சிநாதன் காலமெல்லாம் வீட்டில் பனியனோடு உட்கார்ந்து சாப்பிட்டவர். பனியனில் ஏது பை? ஆகவே சட்டை போட்டுக்கொண்டு சாப்பிட ஆரம்பித்தார். கல்கத்தாப் புழுக்கத்தில், லோட்ஷெட்டிங்கில், மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், முழுக்கைச் சட்டையோடு வேர்த்து ஒழுக உட்கார்ந்து ரசஞ்சாதம் சாப்பிட்டார்.

"சட்டையைக் கழட்டிட்டுத்தான் உக்காருங்களேன், குளிச்ச மாதிரி இருக்கீங்க."

"இருக்கட்டும் நீலா. ஆபீஸ் பழக்கம்."

ஏமாற்றுகிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. அதுதான் இந்த மனிதரிடம் உள்ள வினோதம். ஆபீசிலிருந்து ஒரு குண்டூசியைக்கூட வீட்டுக்குக் கொண்டுவரமாட்டார். ஆனால் இது அவருக்கு மழையில் நிற்கிற குழந்தைக்குக் குடை பிடிக்கிற மாதிரி. மற்ற நேரமெல்லாம் பிளேட் வாயில்தானே இருக்கிறது, சாப்பாட்டு நேரம் கொஞ்சம் ஓய்வெடுக்கட்டுமே என்றுதான் நினைத்தார்.

ஆறு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை நீலாவதி இரண்டு பிளேட்டுகளையும் ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொண்டுபோனாள். டாக்டர் லாஹிரி நேரிலேயே வந்து பார்த்தாராம். வாஞ்சிநாதனின் பல்லில் சிமெண்ட் வைத்தது வைத்தபடி இருந்தது. விளிம்புகூட மழுங்கவில்லை. பிஸ்வாஸ் தாதாவின் பல்லில் பாதி தேய்ந்து, மஞ்சளும் சிவப்புமாகக் கறையேறிக் கிடந்தது. "பான் போடுகிற வாய். அதைத் தள்ளிவிடுங்கள்" என்று லாஹிரி சொல்லிவிட்டார். ஆறு வாரமாக வெற்றிலைப் பான் போடுவதை ஒன்றிரண்டாகக் குறைத்துக்கொண்டு தியாகம் செய்த பிஸ்வாஸ் தாதாவுக்கு மனசு விட்டுப்போயிற்று.

சேதி கேட்டு வாஞ்சிநாதன் கரியாஹாட்டுக்கு ஓடிப்போய்ச் சந்தேஷ் இனிப்பு வாங்கிவந்தார். நீலாவதி ஒன்றை எடுத்தாள், ஓரம் கிள்ளினாள், வைத்துவிட்டாள்.

"என்ன, பிடிக்கலையா?"

"களைப்பா இருக்குங்க" என்று அவர் முகத்தையே பார்த்தாள். ஏதோ கேட்கப்போகிறவள் போல இருந்தாள். கேட்கவில்லை. நன்றாக உழைத்தவளுக்குக் களைப்பு இருக்காதா என்று வாஞ்சிநாதன் மீதி சந்தேஷைத் தீர்த்தார்.

மறுநாள் சனிக்கிழமை. மெஸ்ஸில் அன்னக்கிளியே வந்து இலை போட்டாள். கொஞ்ச நாளாகவே அவளுக்குக் கீழ்க்கடைவாயில் வலி. நீலாவதிதான் அவளை லாஹிரியிடம் அனுப்பியிருந்தாள். பிடுங்கிவிடலாம் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

"அண்ணே, விசயம் தெரியுமா? திங்கக்கிழமை எனக்கு வைக்கிறாங்களாம், அக்கா செஞ்ச சிமெண்டு. நேத்துச் சாயங்காலம் டாக்டரு சொல்லிவிட்டாரு. மொத ஆளே நான்தானாம்."

வாஞ்சிநாதனின் கை நின்றது. "உனக்கா?"

"ஓட்டை நரம்புக்கிட்ட வரைக்கும் போயிருச்சாம். வைக்கிற சிமெண்டு நின்னா பல்லு பொழைக்கும், கரைஞ்சுபோச்சுன்னா பிடுங்குறதுதான் வழின்னாரு. பயமா இருக்கான்னு கேட்டாரு. எனக்கென்ன பயம்? என் வத்தக்குழம்பை ஆறு வாரம் மென்ன வாயில நின்ன சிமெண்டு, என் வாயில நிக்காதா? உங்களை நம்பித்தான் சரின்னுட்டேன்."

அவள் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். வாஞ்சிநாதன் சோற்றைப் பார்த்தார். சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். அது காலியாக இருந்தது. குடை பிடித்தோம், குடை பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டிருந்தது ஒரு பொய்க்கு என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஒரு கவளம்கூட வாயில் வைக்காமல் எழுந்தார்.

"என்னண்ணே, உப்பு ஜாஸ்தியா?" என்று அன்னக்கிளி பின்னாலிருந்து கத்தினாள்.

ஆபீசுக்குத் திரும்பவில்லை. பஸ்ஸைப் பிடித்து, கரியாஹாட்டில் இறங்கி, டாக்குரியா வரைக்கும் நடந்தார். நடந்தால் வார்த்தை கிடைக்கும் என்று நினைத்தார். ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் நீலாவதி துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவருடைய முழுக்கைச் சட்டைகள்தான் மேலே இருந்தன.

"நீலா, அந்தப் பிளேட்டு..." என்று நின்றவாறே ஆரம்பித்தார். "சாப்பிடும்போது நான் அதைக் கழட்டிட்டேன். ஒரு வேளை இல்லை. எல்லா வேளையும்."

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "தெரியும்."

"தெரியுமா?"

"ஆறு வாரம் சாம்பார் சாப்பிட்ட பல்லுல ஒரு பொட்டு மஞ்சள் இல்லைங்க. பிஸ்வாஸ் தாதாவோடது மஞ்சளா ஊறிக் கெடக்கு. லாஹிரி தேய்மானத்தைத்தான் பாத்தாரு. அவருக்கு இது தோணலை. நம்ம வீட்டுல சமைக்கிறது நான். எனக்குத் தோணாதா? அப்புறம் இந்தச் சட்டை. வேர்வையில நனைஞ்சு நனைஞ்சு கழுத்துப்பட்டையே நைஞ்சுபோச்சு."

"அப்ப ஏன் நேத்தே கேக்கலை?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். திங்கக்கிழமை காலைல வரைக்கும் பாத்திருப்பேன். அப்புறம் நானே லாஹிரிகிட்டப் போய்ச் சொல்லியிருப்பேன், என் வீட்டுக்காரர் சோதனை பொய்யின்னு." கையிலிருந்த சட்டையைக் கட்டிலில் எறிந்தாள். "மூணு வருஷம்ங்க. யாரு நம்பலைன்னாலும் நீங்க நம்புவீங்கன்னு இருந்தேன். என் சிமெண்டு ஒரு ரசத்துக்குத் தாங்காதுன்னு நீங்களே முடிவு பண்ணிட்டீங்களே."

"ஐயோ, இல்லை நீலா. உன் சிமெண்டை நம்பினேன். என் வாயைத்தான் நம்பலை."

"அது கரைஞ்சா கரையட்டுமே. ஏன் கரையுதுன்னு பாப்பேன். அழுவேன், மறுநாள் அரைப்பேன். அதுதானே என் வேலை."

"நீ அழுததை என்னால பாக்க முடியலை" என்றார் வாஞ்சிநாதன். அரசாங்கத்துக்கு இருபத்தைந்து வருடம் உழைத்த மனிதருக்கு உதடு கோணிக்கொண்டு வந்தது. "இனிமே ஒருதரம் அப்படிப் பாக்க முடியாதுன்னுதான்..."

நீலாவதி எழுந்து வந்து, அவர் நெற்றி வேர்வையைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள்.

"இன்னொண்ணு சொல்லட்டுமா? மைக்ராஸ்கோப்புல பாத்தா உங்க சிமெண்டு பூரா மயிரிழை மயிரிழையா விரிசல். வேளா வேளைக்குக் கைக்குட்டையில சுத்திக் காய வச்சிருக்கீங்க. எச்சில்லயே இருக்கவேண்டிய சரக்கு. அதுக்குப் பட்ட ஒரே காயம் நீங்க காப்பாத்தினதுலதான் பட்டிருக்கு."

அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் வாஞ்சிநாதன் இரண்டையும் செய்தார். நீலாவதிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அதோடு கோபம் தீர்ந்தது என்று சொல்லமுடியாது. அன்று ராத்திரி ரசத்தில் உப்பே இல்லை. அவர் கேட்டு வாங்கி இரண்டாம் முறையும் ஊற்றிக்கொண்டார்.

டாக்டர் லாஹிரிக்கு விஷயம் போனது. சத்தம் போட்டார். ஆனால் நோயாளிக்கு வைக்கும் முன்பே சொன்னதற்காக மட்டும் நன்றி என்று முடித்தார். அன்னக்கிளியின் பல்லுக்குத் தற்காலிகமாக மருந்து வைத்து அடைத்தார். அவளிடம் போய்ச் சொல்லும் வேலையை வாஞ்சிநாதன் தானே ஏற்றுக்கொண்டார். கேட்டுவிட்டு அன்னக்கிளி கரண்டியை இடுப்பில் ஊன்றினாள்.

"அப்ப ஆறு வாரமா என் வத்தக்குழம்பை ஒத்தைப் பக்கமா மென்னுட்டுப் போனீங்களாக்கும்? இனிமே கழட்டினீங்க, சோறு கிடையாது. சொல்லிட்டேன்."

மூன்றாவது பிளேட் வந்தது. வாஞ்சிநாதன் வீட்டில் பழையபடி பனியனோடு உட்கார்ந்தார். மெஸ்ஸில் அன்னக்கிளி எதிரே நின்று, முதல் கவளம் இறங்கும்வரை நகரமாட்டாள். புளி, காரம், ஊறுகாய் ஒன்றையும் விடவில்லை. வேண்டுமென்றே அந்தப் பக்கமாகவே மென்றார். சில நாட்களில் நாக்கில் மணல் மாதிரி ஏதோ நெருடும். விழுங்கிவிட்டுப் பேசாமல் இருந்துவிடலாம் என்றுகூடத் தோன்றும். ஆனால் வீட்டுக்கு வந்ததும் சொல்லிவிடுவார்.

"இன்னைக்கும் உதிர்ந்தது நீலா."

"எத்தனை மணி, என்ன சாப்பிடும்போது?" என்று மட்டும் கேட்பாள். அவள் முகம் வாடுகிறதா என்று பார்ப்பார். வாடும். பிறகு, "சரி, சாப்பிட வாங்க" என்பாள்.

துர்கா பூஜை விடுமுறை முடிந்து ஆபீஸ் திறந்த வாரத்தில் பிளேட்டைக் கழற்றினார்கள். சிமெண்டின் மேல்பக்கம் நன்றாகவே தேய்ந்து குழிந்திருந்தது. வாஞ்சிநாதன் வீட்டிலேயே அதைப் பார்த்துவிட்டார். அன்று மனைவி கேட்காமலே கடைக்குப் போய் காய்கறி வாங்கிவந்து, வெண்டைக்காயை நறுக்கிவைத்தார். ஆறுதல் சொல்ல அவருக்குத் தெரிந்த வழி அதுதான்.

இரண்டு நாள் கழித்து மத்தியானம் ஆபீசுக்கு நீலாவதியின் போன் வந்தது. "உடனே வாங்க" என்றாள். என்ன ஏது என்று சொல்லவில்லை. வாஞ்சிநாதன் அரை நாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினார்.

ஆராய்ச்சிக் கூடத்தில் நீலாவதி மைக்ராஸ்கோப் அருகே நின்றிருந்தாள். பிஸ்வாஸ் தாதா, வாயில் பானோடு, அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டு வெளியே போனார்.

"பல்லை நடுவுல அறுத்துப் பாத்தோம். மேல நிக்காதுங்க இது. மென்னு திங்கிற பக்கத்துக்கு இது ஆகாது. அது முடிவாயிடுச்சு. போன தடவை உங்க பிளேட்டை நம்பி அன்னக்கிளிக்கு மேலயே வச்சிருந்தா தீபாவளிக்குள்ள கரைஞ்சிருக்கும்."

வாஞ்சிநாதன் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆனா அடியில பாருங்க. குழியோட அடி, நரம்புப் பக்கம். சாப்பாடு தொடாத இடம், எச்சில் மட்டும் ஊறின இடம். அங்க கரையாம அப்படியே இருக்கு. லாஹிரியும் பாத்துட்டார். அடுத்த வாரம் அன்னக்கிளிக்கு அடியில இதை வச்சு, மேல வெள்ளியால மூடப்போறோம். மெல்லுறதை வெள்ளி பாத்துக்கும். பல்லை உசுரோட வச்சிருக்கிறதை இது பாத்துக்கணும்."

"அப்ப உன் சிமெண்டு வெளிய யாருக்கும் தெரியாதா?"

"தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகணும்? வந்து பாருங்க."

வாஞ்சிநாதன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணை வைத்தார். முதலில் ஒன்றும் தெரியவில்லை. நீலாவதி பின்னாலிருந்து கை நீட்டித் திருகைத் திருப்பினாள். அவள் மோவாய் அவர் தோளில் பட்டது. மங்கலெல்லாம் விலகி, லேசாக மஞ்சள் பாய்ந்த வெண்மை ஒன்று கண் முழுக்க விரிந்தது. கரை எதுவும் இல்லாத ஒரே வெண்மை.

"மேல் பாதி என் சிமெண்டு, கீழ் பாதி உங்க பல்லு. நடுவுல கோடு எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்."

வாஞ்சிநாதன் தேடினார். இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் தேடினார். கண்ணில் நீர் வந்து மறைத்தது, துடைத்துக்கொண்டு மறுபடி தேடினார்.

"தெரியலையே நீலா" என்றார்.

"எனக்கும்தான் தெரியலை" என்றாள் நீலாவதி. "காலைலேருந்து தேடிக்கிட்டிருக்கேன்."